ரக்பி உலகக்கோப்பை 2023 இறுதிப் போட்டி: நாலாவது கோப்பை யாருக்கு?

டர்பன்_கரை (வியாழன், 26 அக்டோபர் 2023)

தென்னாப்பிரிக்க அணியை அறிவித்துவிட்டார்கள். பெஞ்சில், அதாவது மாற்று ஆட்களாக, எட்டுப் பேர், அதில் ஏழு பேர் ஃபார்வர்டுகள். பேக்ஸுக்கு வில்லி லெ ரூ ஒருவர் மட்டும். ஸ்க்ரத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் இடத்துக்கு மாற்று ஆளே கிடையாது. கோபஸ் ரைனாக் இல்லை, மானி லிபாக் இல்லை. பட்டியல் வந்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை.

சனிக்கிழமை இரவு 9 மணிக்கு பாரிஸ் பக்கத்தில் ஸ்டாட் டி ஃப்ரான்ஸ் மைதானத்தில் நியூசிலாந்தோடு ஆட்டம். எங்களுக்கும் அதே 9 மணிதான். இந்தியா, இலங்கையில் நள்ளிரவு 12.30. நியூசிலாந்தில் ஞாயிறு காலை 8. இரண்டு அணியிடமும் மூன்று மூன்று கோப்பை இருக்கிறது. நியூசிலாந்துக்கு 1987, 2011, 2015. தென்னாப்பிரிக்காவுக்கு 1995, 2007, 2019. நாலாவதை முதலில் தொடப்போவது யார்?

என் கணிப்பு: தென்னாப்பிரிக்கா, மூன்று புள்ளி வித்தியாசத்தில். நீங்களும் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒரு விஷயமும் கேட்க வேண்டும். அதை நாளை நிதானமாக எழுதுகிறேன்.


ஓக்லாந்து_காலை (வியாழன்)

நியூசிலாந்து, எட்டுப் புள்ளி. அயர்லாந்தைக் கடந்து வந்த அணி இது. கடைசியில் அயர்லாந்து 37 தடவை பந்தை மாற்றி மாற்றி முட்டிப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு தவறும் செய்யாமல் தடுத்து, முடிவில் எங்கள் வைட்லாக் குனிந்து பந்தைப் பறித்தாரே, அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. 28-24. அரையிறுதியில் அர்ஜென்டினாவை 44-6. எங்கள் வில் ஜோர்டான் இந்தத் தொடரில் எட்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டுவிட்டார். முன்பு லோமு, ஹபானா, ஜூலியன் சவேயா எட்டோடு நின்ற இடம் அது. இன்னும் ஒன்று போட்டால் ஒரே உலகக்கோப்பையில் ஒன்பது. இதுவரை யாரும் அதைச் செய்ததில்லை.

அதோடு எங்களுக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு. எங்கள் அரையிறுதி வெள்ளி, அவர்களுடையது சனி. இந்த வயதில் அந்த உடம்புகளுக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.


கபடி_ரசிகன் (வியாழன்)

வணக்கம். நான் மதுரை. ரக்பி பார்க்கத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. பிரான்ஸ் - தென்னாப்பிரிக்கா காலிறுதியைத் தற்செயலாகப் பார்த்தேன், அதோடு பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் ட்ரை போட்டதற்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக அடித்த கன்வர்ஷன் உதையை தென்னாப்பிரிக்காவின் கோல்பே அம்பு மாதிரி ஓடிவந்து கையால் தடுத்தாரே, அதைப் பத்து முறையாவது திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன். ஆட்டம் 29-28. அந்த இரண்டு புள்ளி உள்ளே போயிருந்தால் கதையே வேறு.

ஒரு சந்தேகம். பெஞ்சில் ஏழு ஃபார்வர்டு என்பதற்கு ஏன் எல்லாரும் இவ்வளவு பதறுகிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.


எட்டாம்_இலக்கம் (வியாழன்)

தம்பி, ஒரு பக்கத்துக்கு 15 பேர். அதில் எட்டுப் பேர் ஃபார்வர்டுகள். ஸ்க்ரம் தள்ளுவது (இரண்டு பக்கமும் கோத்து நின்று முட்டித் தள்ளுவது), லைன்அவுட்டில் (கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது) ஆளைத் தூக்குவது, விழுந்த பந்துக்கு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர்கள் பாடு. மற்ற ஏழு பேர் பேக்ஸ். ஓட்டம், பாஸ், உதை அவர்களுடையது. பெஞ்சில் வழமையாக ஐந்து ஃபார்வர்டும் மூன்று பேக்ஸும் இருப்பார்கள். சில பயிற்சியாளர்கள் ஆறு-இரண்டு வைப்பார்கள். ஏழு-ஒன்று என்றால் ஐம்பதாவது நிமிடத்துக்குப் பிறகு எட்டு ஃபார்வர்டுகளில் ஏழு பேரைப் புது ஆட்களாக மாற்றலாம். ஆனால் பேக்ஸில் இரண்டு பேருக்கு அடிபட்டால் யாராவது ஒரு ஃபார்வர்ட் அந்த இடத்தில் நிற்க வேண்டி வரும்.

நான் கண்டியில் பள்ளிக்கூட அணியில் எட்டாம் இலக்கத்தில் விளையாடினவன். ஸ்க்ரத்தில் எட்டாம் இலக்கம் ஆகக் கடைசியில் நிற்பான். எனக்கு முன்னால் நிற்கும் லாக்குகள் இரண்டு பேரின் இடுப்புக்கு நடுவில் தலையை நுழைத்துத் தள்ள வேண்டும். காது உரிந்துவிடும் என்று பிளாஸ்டர் சுற்றிக்கொண்டுதான் இறங்குவோம். நடுவரின் 'செட்' என்ற சத்தம் கேட்டதும் முன்னால் பதினாறு பேரும் மோதுகிற அதிர்வு முதுகெலும்பு வழியாகக் குதிக்கால் வரைக்கும் இறங்கும். எனக்கு முன்னால் நடப்பது ஒன்றும் தெரியாது. சேறும் முழங்காலும்தான் தெரியும். ஆனால் எதிரணி முன்வரிசையை மாற்றினால் பின்னால் நிற்கிற எனக்குத் தெரிந்துவிடும். அதுவரை சுவர் மாதிரி நின்ற இடம் மெல்ல நம்மை நோக்கி நகரத் தொடங்கும். கால் ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த நகர்வு மனதை உடைக்கும். ஐம்பதாவது நிமிடத்தில் தென்னாப்பிரிக்க பெஞ்சில் இருந்து முன்வரிசைக்கு ஆக்ஸ் நச்சே இறங்குவது என்றால் அதுதான் அர்த்தம்.

இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியை எடுங்கள். முக்கால்வாசி ஆட்டம் இங்கிலாந்தின் கையில்தான் இருந்தது. ஓவன் ஃபேரல் உதைத்தே 15 புள்ளி சேர்த்துவிட்டார். நச்சே வந்த பிறகு ஸ்க்ரம் உடைந்தது, ஸ்னைமன் ட்ரை போட்டார், கடைசியில் ஒரு ஸ்க்ரம் பெனால்டி கிடைத்தது. பொல்லார்ட் அதை ஏறக்குறைய ஐம்பது மீட்டரில் இருந்து அடித்தார். 16-15.


ஓக்லாந்து_காலை (வியாழன்)

அண்ணை, நீங்கள் சொன்ன உதாரணமே உங்கள் கட்சிக்கு எதிராக நிற்கிறது. அந்த அரையிறுதியில் பெஞ்ச் ஐந்து-மூன்று. பொல்லார்ட் எங்கிருந்து வந்தார்? பெஞ்சில் இருந்து. முப்பது நிமிடத்திலேயே லிபாக்கை எடுத்துவிட்டு அவரை இறக்கினார்கள். ஆட்டத்தைத் திருப்பியதில் ஃபாஃப் டி கிளர்க்குக்கும் லெ ரூவுக்கும் பங்கு உண்டு, அவர்களும் பெஞ்சில் இருந்து வந்தவர்கள்தான். காலிறுதியிலும் அதே ஐந்து-மூன்று. ஏழு-ஒன்று வைத்த அயர்லாந்து ஆட்டத்தில் என்ன ஆனது? 13-8 தோல்வி.

காப்பாற்றிய முறையை விட்டுவிட்டு தோற்ற முறைக்கு இறுதிப் போட்டியில் ஏன் போகிறார்கள்?


டர்பன்_கரை (வியாழன்)

நல்ல கேள்வி, ஆனால் ஆகஸ்ட் 25-ஐ விட்டுவிட்டீர்கள். லண்டன் ட்விக்கன்ஹாமில் இதே நியூசிலாந்துக்கு எதிராக ஏழு-ஒன்று வைத்துத்தான் 35-7. கறுப்புச் சட்டை போடும் அந்த அணி, ஆல் பிளாக்ஸ், தன் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. ஸ்காட் பாரெட்டுக்கு சிவப்பு அட்டை கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, போன முறை பெஞ்சில் இருந்து வந்து காப்பாற்றிய ஃபாஃபும் பொல்லார்டும் இந்த முறை முதலிலேயே இறங்குகிறார்கள். ஆக, காப்பாற்ற வேண்டிய நிலையே வராது என்பது எங்கள் அணியை நடத்தும் ராசி எராஸ்மஸ், நீனாபர் இருவரின் கணக்கு. துணிச்சலான கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன்.


எட்டாம்_இலக்கம் (வியாழன்)

எனக்குப் பயம் பேக்ஸில் இல்லை, ஹூக்கரில். ஸ்க்ரத்தில் முன்வரிசை நடுவில் நிற்பதும் லைன்அவுட்டில் பந்து எறிவதும் அவர்தான். மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தோடு செப்டம்பரிலேயே போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒரு ஹூக்கரைக் கூப்பிடாமல் பொல்லார்டைக் கூப்பிட்டார்கள். அதனால் போங்கி பொனாம்பியைத் தவிர முழுநேர ஹூக்கர் யாரும் இல்லை. பொனாம்பி விழுந்தால் டியான் ஃபூரி வர வேண்டும். வயது 37, இப்போது அதிகம் விளையாடுவது ஸ்க்ரத்தின் ஓரத்தில், ஃபிளாங்கர் இடத்தில். லைன்அவுட்டில் பந்து எறிவது கைப்பழக்கம். ஐந்து மீட்டருக்கு ஒரு கோணம், பதினைந்து மீட்டருக்கு ஒரு கோணம், மழையில் நனைந்த பந்துக்கு இன்னொன்று. எறிபவன் கை அரை அடி தவறினால் தூக்கிய ஆளுக்குப் பதிலாக நியூசிலாந்தின் ரெட்டாலிக் கையில் பந்து இருக்கும்.


டர்பன்_கரை (வெள்ளி, 27 அக்டோபர்)

நேற்றுச் சொன்ன விஷயம் இதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பக்கத்து வீட்டு அங்கிளுக்கு 64 வயது. இங்கே பெரியவர்களை எல்லாம் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுப்பார். நான் டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக் கராஜில் உட்கார்ந்துதான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கராஜில் ஒரு கருவி அலமாரி. ஸ்பேனரும் சுத்தியலும் தொங்கும். அதன் கதவின் உள்பக்கத்தில், திறந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பத்திரிகையில் வெட்டிய ஒரு படம். செல்லோடேப் பழுப்பாகி, ஓரமெல்லாம் உதிர்ந்து போயிருக்கிறது. பிரையன் வில்லியம்ஸ், சமோவா வம்சாவளியில் வந்த நியூசிலாந்து விங்கர். ஏன் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார் என்று கேட்டேன். அவர் அண்ணன் ஒட்டியதாம். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவர் கேள்வி கேட்பார்கள், அந்தக் காலத்தில் கேள்வி கேட்பவர்கள் யார் என்று தெரியாது என்றார்.

1976 ஜூலை 24. டர்பன் கிங்ஸ் பார்க்கில் தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் மோதிய முதல் டெஸ்ட். சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. இந்தச் சுற்றுப்பயணத்துக்கு வந்த நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் சேர்த்ததைக் கண்டித்துத்தான் ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியலில் இருந்து வெளியேறின. அங்கிளுக்கு அப்போது 17 வயது. அண்ணனோடு போய், வெள்ளையர் அல்லாதவர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் முழுவதும் நியூசிலாந்துக்குக் கத்தியது என்கிறார். சொந்த ஊரில், சொந்த நாட்டு அணிக்கு எதிராக. ஏனென்றால் தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையை இவர் போட முடியாது, இவர் பிள்ளைகளும் போட முடியாது என்று சட்டமே சொன்னது. நியூசிலாந்து 16-7 தோற்றது. வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நியூசிலாந்துக்கு எதிரான 1995 இறுதியில் மண்டேலா அதே பச்சைச் சட்டையை, முதுகில் 6 என்ற எண்ணோடு, போட்டுக்கொண்டு எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு வந்தார். ஒரு ட்ரைகூட இல்லாத ஆட்டம். எங்கள் ஸ்ட்ரான்ஸ்கி பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைத்த ட்ராப் கோலில் 15-12, கூடுதல் நேரத்தில். அன்று யாருக்குக் கைதட்டினீர்கள் என்று கேட்டால் அங்கிள் பதில் சொல்ல மாட்டார். மண்டேலாவுக்குக் கைதட்டினேன் என்பார்.

அதற்குப் பிறகு 2007 இறுதி, 2019 இறுதி, இரண்டிலும் எதிரில் நின்றது இங்கிலாந்து. சிக்கலே வரவில்லை. 2019-ல் கேப்டன் கொலிசி கோப்பையைத் தூக்கியபோது அங்கிள் அழுதார், நான் பக்கத்திலேயே இருந்தேன். ஸ்வைட் குடியிருப்பில் பிறந்த பிள்ளை. 2007 இறுதியைப் பார்க்க வீட்டில் டிவி இல்லாமல் ஒரு மதுக்கடைக்குப் போன பிள்ளை. 2018-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன் ஆனார்.

இப்போது 28 வருடம் கழித்து மறுபடியும் பச்சையும் கறுப்பும் இறுதிப் போட்டியில். அரையிறுதி முடிந்ததிலிருந்து அங்கிள் சரியாகப் பேசவில்லை. நாளை எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறேன். யாருக்கு என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். மனதாரச் சொன்னார்.

நான் தென்னாப்பிரிக்காவுக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரிடம் "இப்போது எல்லாம் மாறிவிட்டது, நம் அணி இது" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உங்களில் யாராவது இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா?


கபடி_ரசிகன் (வெள்ளி)

இரண்டு தடவை படித்தேன் அண்ணே. அந்த அலமாரிக் கதவு கண்ணை விட்டுப் போகவில்லை.


ஓக்லாந்து_காலை (வெள்ளி)

இதைப் படித்துவிட்டு வேலையில் ஒரு மூத்தவரிடம் பேசினேன். 1981-ல் தென்னாப்பிரிக்க அணி இங்கே வந்தபோது தெருவில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். ஜூலை 25 அன்று ஹாமில்டனில் வேலியைச் சாய்த்து மைதானத்துக்குள் நுழைந்தார்கள், ஆட்டமே ரத்தானது. செப்டம்பர் 12 ஈடன் பார்க்கில் கடைசி டெஸ்ட் நடக்கும்போது சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து மாவுப் பைகளைப் போட்டது. ஒன்று கேரி நைட் மேல் விழுந்து அவர் சரிந்தார். அவரும் நியூசிலாந்து வீரர்தான். இங்கே வீட்டுக்கு வீடு சண்டை. அப்பா டிக்கெட்டோடு உள்ளே, பிள்ளை பதாகையோடு வெளியே.

அங்கிளிடம் சொல்லுங்கள், அவர் கத்திய அணியின் நாட்டில் அவருக்காகத் தெருவில் அடி வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர் கறுப்புச் சட்டைக்கே கத்தட்டும். அது துரோகம் இல்லை.


வெலிங்டன்_அக்கா (வெள்ளி)

இரண்டு பேரும் ஆல் பிளாக்ஸை ரொம்பச் சுத்தமாகக் காட்டிவிட வேண்டாம். நானும் கறுப்புக்குத்தான், அதனால்தான் சொல்கிறேன். 1928, 1949, 1960 மூன்று முறையும் தென்னாப்பிரிக்கா கேட்டதற்காக மாவோரி வீரர்களை விட்டுவிட்டுத்தான் இங்கிருந்து அணி போனது. 1960-ல் மாவோரி இல்லையென்றால் பயணமே வேண்டாம் என்று இங்கே பெரிய இயக்கம் நடந்தது, அப்படியும் போனார்கள். 1970-ல்தான் மாவோரி, சமோவா வீரர்கள் போனார்கள். அந்த அலமாரிப் படத்தில் இருக்கும் பிரையன் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். அப்போதும் அவர்களுக்கு "கௌரவ வெள்ளையர்" என்று ஒரு முத்திரை குத்தித்தான் உள்ளே விட்டார்கள். என் மகனோடு விளையாடும் பிள்ளைகளில் பாதிப் பேர் மாவோரி, சமோவா, டோங்கா வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்கள் காலத்தில் நடந்த விஷயம் இது.

அங்கிளுக்கு அந்தப் படம் ஏன் முக்கியமாக இருந்தது என்று எனக்குப் புரிகிறது. தன்னைப் போன்ற நிறத்தில் ஒருவன் அந்த மைதானத்தில் ஓடினான், யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்த வயதுப் பையனுக்கு அதுதான் அணி. சட்டை நிறம் அப்புறம்தான்.


ஓக்லாந்து_காலை (வெள்ளி)

சரிதான் அக்கா. 1928-ல் இருந்தே என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. நான் எழுதியது ஒரு பக்கம் மட்டும்.


எட்டாம்_இலக்கம் (வெள்ளி)

இலங்கைத் தமிழனுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 1996-ல் இலங்கை கிரிக்கெட் உலகக்கோப்பையை வென்ற அன்று எங்கட வீட்டில் அப்பா கைதட்டினார். சித்தப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஆனால் முரளி பந்து போட வந்தால் சித்தப்பா உள்ளே வந்து கதவோரம் நிற்பார். ஓவர் முடிந்ததும் திரும்பப் போவார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கிளிடமும் ஒன்றும் கேட்காதீர்கள். கதிரையைப் போட்டு, தேத்தண்ணியைக் கொடுங்கள். அவர் எப்போது எழும்புகிறார் என்று பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.


டர்பன்_கரை (வெள்ளி)

நன்றி அண்ணை. அப்படியே செய்கிறேன்.

ஆனால் ஓக்லாந்து நண்பர் சொன்னதில் ஒன்றை நான் ஏற்க மாட்டேன். கறுப்புச் சட்டைக்கு அவர் கத்தினால் துரோகம் இல்லை, சரி. பச்சைக்குக் கத்தினாலும் அண்ணனுக்குத் துரோகம் இல்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டாமா? 1995 அணியில் கறுப்பினத்தவர் என்று செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். நாளை இறங்கும் பதினைந்து பேரில் கொலிசி, பொனாம்பி, கோல்பே, அரென்ட்ஸே, வில்லெம்ஸே. பெஞ்சில் நச்சே, நியாகானே. ட்ராப் கோலும் மண்டேலாவும் ஒரே நாளில் செய்த மாயம் இல்லை இது. நிறையப் பேர் சண்டை போட்டு, திட்டு வாங்கி, ஒவ்வொரு இடமாகப் பிடித்தது. அங்கிள் தலைமுறையும் அதில் சேர்த்தி.


கபடி_ரசிகன் (வெள்ளி)

நடுவர் வெய்ன் பார்ன்ஸ் பற்றி நியூசிலாந்து ரசிகர்கள் கோபமாக எழுதுகிறார்களே, என்ன விஷயம்?


வெலிங்டன்_அக்கா (வெள்ளி)

2007 காலிறுதி, கார்டிஃப். பிரான்ஸிடம் 20-18 தோல்வி. பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு முன்னால் ஒரு பாஸ் முன்னோக்கிப் போனது, ரக்பியில் அது தவறு. அதை அவர் பார்க்கவில்லை. அப்போது அவருக்கு 28 வயது. இங்கே சிலர் பதினாறு வருடமாக அதையே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் தொடரில் எங்கள் அயர்லாந்து ஆட்டத்தை நடத்தியதும் அவர்தான். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரப்பட்டு விசில் அடித்திருந்தால் நாம் இறுதிக்கே வந்திருக்க மாட்டோம். பேசிப் பேசி ஆட்டத்தை நகர்த்தும் மனிதர்.


எட்டாம்_இலக்கம் (வெள்ளி)

பார்ன்ஸை நம்பலாம். என் பயம் பங்கர் முறை. தலையில் மோதினால் நடுவர் மஞ்சள் அட்டை காட்டி வெளியே அனுப்புவார். எட்டு நிமிடத்துக்குள் வேறொரு அதிகாரி வீடியோவைப் பார்த்து அதை மஞ்சளாகவே விடலாம், சிவப்பாகவும் மாற்றலாம். ஆண்கள் உலகக்கோப்பை இறுதியில் இதுவரை சிவப்பு அட்டை வந்ததில்லை. நாளை நனைந்த புல், வழுக்கும் பந்து, இவ்வளவு பெரிய உடம்புகள். எதிரே வருகிறவன் கடைசி நொடியில் அரை அடி குனிந்தால் நெஞ்சுக்குக் குறிவைத்த தோள் தாடையில் போய் இடிக்கும்.


கபடி_ரசிகன் (வெள்ளி)

கபடியில் கணுக்காலைப் பிடிக்கத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். இங்கே ஏன் மேலேயே போகிறார்கள்? கீழே பிடித்தால் ஆள் விழுந்துவிடுவானே.


எட்டாம்_இலக்கம் (வெள்ளி)

விழுவான், ஆனால் விழும்போது பந்தைப் பக்கத்தில் உள்ளவனுக்குக் கொடுத்துவிடுவான். நெஞ்சோடு கட்டினால் பந்தும் சேர்ந்து அடைபடும். அயர்லாந்து ஆட்டத்தில் கெலஹர் கோட்டைத் தாண்டியே விட்டார். ஜோர்டி பாரெட் அவருக்கும் புல்லுக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்துப் பந்து தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டார். அந்த ஒன்று இல்லையென்றால் நாளை விளையாடுவது அயர்லாந்தாக இருந்திருக்கலாம்.


வெலிங்டன்_அக்கா (வெள்ளி)

அட்டை வந்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். போன வருடம் ஈடன் பார்க்கில் பெண்கள் உலகக்கோப்பை இறுதிக்குப் போயிருந்தேன். இங்கிலாந்துக்கு 18ஆவது நிமிடத்திலேயே சிவப்பு. 14 பேரோடு கடைசி நொடி வரை எங்களை மூச்சுவிட விடவில்லை. 34-31 என்றுதான் வென்றோம். கடைசி லைன்அவுட் எங்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில், பந்து எறியும் உரிமை இங்கிலாந்துக்கு. எங்கள் பெண் ஒருத்தி எழும்பிக் கையால் அந்தப் பந்தைத் தட்டிவிட்டாள். மைதானமே அலறியது. என் மகன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். 14 பேர் அணியை இறுதிப் போட்டியில் லேசாக எண்ணவே கூடாது.


ஓக்லாந்து_காலை (சனி, 28 அக்டோபர்)

நேற்று இரவு மூன்றாம் இடம் இங்கிலாந்துக்கு, அர்ஜென்டினாவை 26-23. மறுபடியும் நெருக்கம். இன்று இரவும் அப்படித்தான் போகும் போல.

எங்கள் அணியில் வைட்லாக், ஆரோன் ஸ்மித், ரெட்டாலிக் எல்லாருக்கும் கறுப்புச் சட்டையில் இதுதான் கடைசி ஆட்டம். பயிற்சியாளர் ஃபாஸ்டருக்கும் கடைசி. அவருக்கு அடுத்து யார் என்பதைத் தொடருக்குப் பல மாதம் முன்பே அறிவித்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடம் 27-13 தோற்றபோது எத்தனை பேச்சு! உலகக்கோப்பையின் பிரிவு ஆட்டத்தில் நியூசிலாந்து தோற்றது அதுதான் முதல் முறை. அங்கிருந்து இங்கே வந்து நிற்கிறார். வென்றால் வைட்லாக் மூன்று உலகக்கோப்பை வென்ற முதல் வீரர் ஆவார். அவருக்காகவாவது இது நடக்க வேண்டும்.

பெஞ்சில் நெப்போ லவுலாலாவை எடுத்ததைக் கவனித்தீர்களா? ஸ்க்ரத்துக்காகவே எடுத்தது. அந்த ஏழு பேருக்குப் பதில் யோசித்து வைத்திருக்கிறார்கள்.


வெலிங்டன்_அக்கா (சனி)

நாளைக் காலை எங்கள் வீட்டில் ஒன்பது குடும்பம். மாவு இப்போதே பொங்கி வழிகிறது. ஏழு மணிக்கு முதல் ஈடு இட்லி, எட்டு மணிக்கு எல்லாரும் டிவி முன்னால். மகன் தன் கிளப் சட்டையோடுதான் தூங்குவேன் என்கிறான்.

என் கணிப்பு, நியூசிலாந்து இரண்டு புள்ளியில். பொல்லார்டின் கடைசி உதை தவறும். 2015 அரையிறுதியில் 20-18 தோற்ற அணியில் அவருக்கு 21 வயது. பாவம், நல்ல பையன், ஆனாலும் தவறட்டும்.


எட்டாம்_இலக்கம் (சனி)

பொல்லார்ட் தவற மாட்டார் அக்கா. தென்னாப்பிரிக்கா, ஒரு புள்ளி. காலிறுதி ஒன்று, அரையிறுதி ஒன்று, இதுவும் ஒன்று. மழை என்கிறது வானிலை அறிக்கை. மழையில் இந்த இரண்டு அணிக்கும் நடுவில் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் வராது.


கபடி_ரசிகன் (சனி)

நான் இன்னும் யாருக்கு என்று முடிவு செய்யவில்லை. பக்கத்து அறையில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். ஒலியைக் குறைத்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து அணி ஆடும் ஹாக்காவை முழுச் சத்தத்தில் கேட்க முடியாதே என்பதுதான் வருத்தம்.


டர்பன்_கரை (சனி)

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டரைக் காலையிலிருந்தே சார்ஜில் போட்டிருக்கிறேன். தெரு முழுக்க அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் புகை. பையன்கள் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு திரிகிறார்கள். ஆன்ட்டி பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) செய்து அனுப்பியிருக்கிறார்.

அங்கிள் எட்டு மணிக்கே வந்துவிட்டார். தலையில் பச்சைத் தொப்பி. கையில் ஒரு உறை. உட்கார்ந்ததும் அதைத் திறந்து காட்டினார். அலமாரிக் கதவில் இருந்த அந்தப் படம். டேப்பை நீராவியில் காட்டி மெதுவாக உரித்திருக்கிறார், ஒரு மூலை மட்டும் கிழிந்துவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், ஐம்பதாவது நிமிடத்தில் பெஞ்ச் இறங்கும்போது கேள், அப்போது சொல்கிறேன் என்று.

வீரர்கள் சுரங்கப் பாதையில் நிற்கிறார்கள். மதுரைத் தம்பி, உனக்கும் சேர்த்து இங்கே ஒலியைக் கூட்டிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் வருகிறேன்.